கார் சீட் என்ன தலையா, எண்ணெய் தேய்த்து ஊறவைக்க?

"மாசத்துக்கு ஒருக்கா தேச்சு விடோணும் கண்ணு. அப்பத்தான் தோலு வெடிக்காது."

நேற்று ராத்திரி சித்தப்பா போனில் சொன்னது இது. அடுத்த வாரம் இன்னொரு கேன் எண்ணெய் கொடுத்து அனுப்புகிறாராம். நான் "சரிங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எதிரே கட்டிலில் அம்மாவின் கல்யாணப் புடவை கிடக்கிறது. 1986ல் எடுத்த காஞ்சிபுரம் பட்டு, அரக்கு நிறம். நாப்தலின் உருண்டைகூடப் போடாமல், வெள்ளை வேட்டியில் சுற்றி, ஜரிகை முறியக்கூடாது என்று மடிப்பை மாற்றி மாற்றி வைத்து அம்மா காப்பாற்றிய புடவை. அதை உடுத்திக்கொண்டுதான் போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். அதன் பின்பக்கத்தில் இப்போது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு எண்ணெய்க் கறை. அரக்கில் எண்ணெய் பட்டால் கறுப்பாகத் தெரியும். கறை வைத்தது என் சொந்தக் காரின் சீட்.

இப்படி ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார், சந்தேகமே வேண்டாம். வீடியோ பார்ப்பவர். "வீட்டுல இருக்கற பொருளை வெச்சே செஞ்சரலாம்" என்று கிளம்புகிறவர். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு இப்போது உடம்பு பதறுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கோபியில் கல்யாணம். தை முகூர்த்தம், காலை 7 மணிக்குள் தாலி. சனிக்கிழமை சாயங்காலமே சித்தப்பா பொள்ளாச்சியிலிருந்து கோயமுத்தூர் வந்துவிட்டார். நான் பூ வாங்கவும், தைக்கக் கொடுத்த பிளவுஸை வாங்கவும் வெளியே போயிருந்தேன். மொத்தம் இரண்டரை மணி நேரம். அந்த நேரத்தில் கீழே பார்க்கிங்கில் என்ன நடந்தது என்பதை அப்புறம் என் வீட்டுக்காரர், மகள், வாட்ச்மேன் என்று ஒவ்வொருவராக விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

பெரியவர்கள் ஏறப்போகிற வண்டி, சுத்தமாக இருக்கட்டும் என்று ஆரம்பித்திருக்கிறார்கள். சீட் இளமஞ்சள் கலந்த பழுப்பு. ஜீன்ஸ் சாயம் ஒட்டி ஓட்டுநர் சீட்டின் ஓரம் லேசாக நீலம் பாய்ந்திருந்தது, உண்மைதான். சித்தப்பா ஒரு கிண்ணத்தில் பாத்திரம் விளக்கும் லிக்விடை ஊற்றி, இரண்டு ஸ்பூன் சமையல் சோடா போட்டு, ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்திருக்கிறார். நுரை பொங்கியதும், "பார்த்தியா, வேலை செய்யுது" என்றாராம். சோடாவும் புளிப்பும் சேர்ந்தால் எங்கே கொட்டினாலும் நுரைக்கும்! தரையில் கொட்டினாலும் நுரைக்கும்! அது சீட்டுக்கு வேலை செய்கிறது என்று எப்படி அர்த்தம் ஆகும்?

அப்புறம் பச்சை நார். அடிப்பிடித்த குக்கரைத் தேய்க்கிற அதே பச்சை நார். அதை வைத்துத் தோல் சீட்டை அழுத்தித் தேய்த்திருக்கிறார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். துணியால் துடைக்கத் துடைக்கப் பழுப்பாக வந்திருக்கிறது. "எவ்வளவு அழுக்கு பாருங்க மாப்ள" என்று சித்தப்பா காட்ட, இவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார். அது அழுக்கு இல்லை. சீட்டின் பெயின்ட். சீட் என்ன நிறமோ அதே நிறம் துணியில் வருகிறதே, என்னவாக இருக்கும் என்று வளர்ந்த இரண்டு ஆண்களில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? நாலு பக்கெட் தண்ணீர் மாற்றினார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். நாலு பக்கெட்.

காய்ந்ததும் சீட் வெளிறிப்போய், தொட்டால் சொரசொரவென்று இருந்திருக்கிறது. இருக்காதா? மேல்பூச்சை உரித்தாயிற்றே. அதைப் பார்த்துவிட்டுத்தான் சித்தப்பா, "தோலு வறண்டு கிடக்குது, எண்ணெய் கேக்குது" என்று முடிவு கட்டியிருக்கிறார். முதல் வைத்தியம் பண்ணிய காயத்துக்கு இரண்டாவது வைத்தியம். சொந்தத் தோப்புக் கொப்பரையில் ஆட்டிய செக்கெண்ணெய் அஞ்சு லிட்டர் எங்களுக்காகக் கொண்டுவந்திருந்தார். அதில் கால் லிட்டரைச் சூடுபண்ணி, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி உள்ளங்கையில் ஊற்றி, முன்சீட்டு, பின்சீட்டு, தலை சாய்க்கிற இடம் என்று ஒன்று விடாமல் தேய்த்திருக்கிறார். பளபளவென்று ஆகிவிட்டதாம். எனக்குச் சொல்ல வேண்டாம், காலையில் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களாம்.

காலை நாலரை மணி. தை மாதக் குளிர், இருட்டு. கதவைத் திறந்ததும் எண்ணெய் தேய்த்த தலை வைத்துப் படுத்த தலையணை வாசம். போன் டார்ச்சை அடித்தேன். என் சீட்டில் காற்றோட்டத்துக்காகச் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. ஒவ்வொரு துளையிலும் வெள்ளையாக ஒரு புள்ளி. தையல் ஓரம் முழுக்க வெள்ளைக் கோடு. நகத்தால் சுரண்டினேன், மெழுகு மாதிரி வந்தது. ஏதோ பாலிஷ் போட்டிருக்கிறார்கள், காய்ந்துவிட்டது என்று நினைத்தேன். சித்தப்பா பெருமையாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் பெரியம்மா, "நேரமாச்சு, ஏறு ஏறு" என்கிறார். ஏறிவிட்டேன்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்குமே, அதேதான். சீட்டில் உறைந்து கிடந்தது. மேலே ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தால் உடம்புச் சூடு 37 டிகிரி. கோபிக்கு இரண்டு மணி நேரம். அன்னூர் தாண்டும்போது இடுப்பில் ஈரம் மாதிரி இருந்தது, வியர்வை என்று நினைத்தேன். அந்தக் குளிரில் என்ன வியர்வை? புளியம்பட்டி வரும்போது மகள், "அம்மா, பாவாடை ஒட்டுது" என்றாள். பேசாமல் வா என்று அவளை அதட்டினேன். குழந்தை சரியாகச் சொல்லியிருக்கிறது.

மண்டபத்தில் இறங்கியதும் பின்னால் வந்த அத்தை ஒருவர், "என்ன கண்ணு, எதுல போய் உக்காந்த?" என்றார். என் புடவை, பெரியம்மாவின் புடவை, மகளின் பட்டுப்பாவாடை, மூன்றிலும் கறை. பெண்ணுக்கு அலங்காரம் நடக்கிற அறையில் எங்கள் மூன்று பேரையும் சுவரைப் பார்த்து நிற்க வைத்து, பெண்கள் எல்லாரும் சேர்ந்து முகப்பவுடரைக் கொட்டி அமுக்கினார்கள். பவுடர் எண்ணெயை உறிஞ்சிக் கட்டி கட்டியாக விழுந்தது. கறையின் ஓரம் வெளுத்ததே தவிர நடு போகவில்லை. மணமேடையில் அட்சதை போடக் கூப்பிட்டபோது நான் கடைசி வரிசையில் சுவரில் முதுகை ஒட்டி நின்றேன். என் மடியில் வளர்ந்த பெண் அவள். குடும்பப் போட்டோவில் நான் இல்லை.

இதற்குமேல் என்ன சொன்னாலும் என்னைக் கோபக்காரி என்பார்கள். சொல்லத்தான் போகிறேன்.

தோல் என்றதும் நம் உடம்புத் தோல் மாதிரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். வறண்டால் எண்ணெய், கறுத்தால் எலுமிச்சை. அது உயிர் போய், முடி போய், குரோமியம் உப்பில் பதப்பட்டு, சாயம் ஏறி வந்த தோல். என் தோழியின் அப்பா ராணிப்பேட்டையில் டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்தவர். அவரிடம் கேட்டேன். தோலுக்குத் தேவையான எண்ணெயை டேனரியிலேயே ஏற்றிவிடுவார்கள் என்றார். எண்ணெயைத் தண்ணீரோடு பால் மாதிரிக் கலந்து, பெரிய டிரம்மில் தோலோடு போட்டு உருட்டுவார்கள், நார் நாராக உள்ளே இறங்கும். அதற்குப் பிறகு மேலே நிறம் அடித்து, அதற்கும் மேலே பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் பூச்சு. கார் சீட்டில் நம் கை படுவது பெரும்பாலும் அந்தப் பூச்சின் மேல்தான், தோலின் மேல் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து மாதிரி நிற்கும். தண்ணீரே உள்ளே போகாத இடத்தில் செக்கெண்ணெய் எப்படிப் போகும்? மேலேயே நிற்கும், தூசியை இழுக்கும், ஏறி உட்காருகிறவரின் துணியில் ஒட்டும். துளையும் தையலும் இருக்கிற இடத்தில் மட்டும் உள்ளே இறங்கி, அடியில் இருக்கிற ஃபோமில் ஊறி, வெயில் பட்டதும் சிக்கு வாடை அடிக்கும். என் காரில் இப்போது அடிக்கிறது.

சமையல் சோடா அடுத்த கொடுமை. பதப்படுத்திய தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் அளவு (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5க்குக் கீழே. சோடாக் கரைசல் 8க்கு மேல். தோலுக்கு ஆகவே ஆகாதது. பற்பசை போடச் சொல்கிறார்கள், அதில் பல்லைத் தேய்ப்பதற்கான நுண்பொடி இருக்கிறது, பூச்சைச் சுரண்டும். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைச் சொல்கிறார்கள், அசிட்டோன் பட்ட இடத்தில் பூச்சு கரைந்தே போகும். கறை அழிக்கிற வெள்ளை ஸ்பாஞ்சைச் சொல்கிறார்கள், அது மெல்லிய உப்புத்தாள், அவ்வளவுதான். ஆலிவ் எண்ணெய், வினிகர், வாழைப்பழத் தோல்! சீட்டின் படத்தைச் சித்தப்பா இல்லாத ஒரு குழுவில் போட்ட ஒரே நாளில் எனக்கு வந்த யோசனைகள் இவை. ஒருவர்கூட, "அந்தக் காரோடு கொடுத்த கையேட்டில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்கவில்லை.

சென்னை அடையாறில் 1948லிருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தலைமுறை தலைமுறையாகத் தோல் வேலை தெரிந்த மனிதர்கள் இருக்கிறார்கள். இந்த மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு தோலைப் பற்றிச் சமையல் வீடியோவில் படிக்கிறோம். அதிலும் பாதிப் பேர் காரில் இருப்பது தோலே கிடையாது, ரெக்ஸின் வகை. அது பிளாஸ்டிக். அதற்கும் எண்ணெய் தேய்க்கிறார்கள்.

பளபளப்பு என்றால் சுத்தம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? புதுக் காரின் தோல் சீட்டைப் போய்ப் பாருங்கள், மங்கலாகத்தான் இருக்கும். பழைய சீட் பளபளத்தால் அது பிசுக்கு. உடம்பு எண்ணெயும் தலை எண்ணெயும் ஏறி மினுக்குகிறது என்று அர்த்தம். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதமான சோப் சில சொட்டு, நன்றாகப் பிழிந்த மென்மையான துணி, உடனே உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. இதற்கு மேல் வீட்டில் ஒன்றும் செய்ய வேண்டாம். ஒன்றுமே செய்ய வேண்டாம்! அதை மட்டும் யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.

கார் உள்சுத்தம் செய்கிற கடையில் காட்டினேன். பையன் ஒரு வெள்ளைத் துணியால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, "கோட்டிங் போயிருச்சுங்க" என்றான். சீட்டைக் கழற்றி, எண்ணெய் எடுத்து, ஃபோம் காயவைக்க 7,500 ரூபாய். நிறம் அடிக்கத் தனிக் காசு. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருப்பதால் கண்ட இடத்தில் கழற்றவும் கூடாது. டிரை கிளீனிங் கடையில் புடவையை விரித்துப் பார்த்துவிட்டு, "பழைய பட்டுங்க, கேரண்டி இல்லை" என்று மடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

இதை எல்லாம் சித்தப்பாவிடம் நான் எப்படிச் சொல்வேன்? 71 வயது. ஒன்றரை மணி நேரம் முழங்கால் போட்டுத் தேய்த்திருக்கிறார், எனக்காக. சொன்னால் அவர் மனம் உடைந்துவிடும். அது தெரிவதால்தான் எரிச்சல் இன்னும் அதிகமாகிறது. திட்டக்கூட ஆள் இல்லாத கோபம். கிண்ணம் பிடித்தவரைத் திட்டித் தீர்த்துவிட்டேன், போதவில்லை.

உண்மையில் சீட் வெடிப்பதற்குக் காரணம் வெயில். எங்கள் அடுக்ககத்தில் நிழல் இருப்பது ஒரே இடத்தில், அந்த வேப்பமரத்தடியில். அங்கே உறை போட்ட ஒரு கார் 14 மாதமாக நிற்கிறது. உரிமையாளர் வெளிநாட்டில். நாலு டயரிலும் காற்று இல்லை, உறைக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது. அவர் வரும் வரை அந்த இடத்தில் என் வண்டியை நிறுத்திக்கொள்கிறேன், அந்தக் காரை என் இடத்துக்கு நானே தள்ளி வைக்கிறேன் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். "அது அவங்க ஸ்லாட்டுங்களே" என்கிறார் செயலாளர். யாரும் உட்காராத சீட்டு நிழலில் கிடக்கிறது, தினமும் 40 கிலோமீட்டர் ஓடுகிற என் வண்டி பகலில் நிற்கும்போதெல்லாம் மொட்டை வெயிலில் வேகிறது. மாதம் 3,200 ரூபாய் பராமரிப்பு நானும்தானே கட்டுகிறேன்!