பச்சை ஒளி செடிக்கு வீண் அல்ல

“செடிக்குப் பச்சை ஒளி பயன்படாது, சிவப்பும் நீலமும் கலந்த ஊதா விளக்குதான் வேண்டும்” என்று சிங்கப்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறு.

இலை பச்சையாகத் தெரிந்தாலும், பச்சை ஒளியில் சிறு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது, பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. 1972இல் ஆய்வாளர் மெக்கிரீ, எந்த நிற ஒளியில் எவ்வளவு ஒளிச்சேர்க்கை நடக்கிறது என்று 22 பயிர்வகைகளில் அளந்தபோது சிவப்பு முந்தியது உண்மை. ஆனால் பச்சையிலும் ஒளிச்சேர்க்கை நன்றாகவே நடந்தது. சிவப்பும் நீலமும் பெரும்பாலும் இலையின் மேலடுக்கிலேயே தீர்ந்துவிடும். பச்சையோ உள்ளே ஆழமாக இறங்கி, அங்குள்ள பசுங்கணிகங்களுக்கும் (ஒளிச்சேர்க்கை நடக்கும் நுண்பகுதிகள்) வேலை கொடுக்கும். நண்பகல் வெயில் போன்ற வலுவான ஒளியில் இதன் பயன் இன்னும் கூடுதல்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குள் கறிவேப்பிலை வளர்ப்பவர்களே, போதிய வெளிச்சம் தரும் வெள்ளை எல்இடி விளக்கே போதும். ஊதா வெளிச்சத்தில் இலை கறுத்துத் தெரிவதால், நுனி மஞ்சளிப்பது எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும்.