காளான் கேட்கும் வீட்டுக்கு முதலில் கவுன்சலர்

பெரு நாட்டுக் காட்டுக் கொடி, ஆப்பிரிக்க வேர், மாயக் காளான் என்று ஏதாவது ஒரு வீடியோ நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரே ராத்திரியில் குடியும் ஊசியும் விட்டுப்போகுமாம். இந்தச் சரக்குகளைப் பற்றி நடக்கும் ஆராய்ச்சிகள் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. வீடியோக்கள் மேல் துளியும் இல்லை.

எல்லாரும் காட்டுவது 2022-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் போகன்ஷூட்ஸ் குழு வெளியிட்ட ஆய்வை. குடிக்கு அடிமையான 93 பேர். ஒரு பிரிவுக்குக் காளானில் இருக்கும் சைலோசைபின், இன்னொரு பிரிவுக்கு சாதாரண அலர்ஜி மாத்திரை. அடுத்த 32 வாரங்களில் மிதமிஞ்சிக் குடித்த நாட்கள் முதல் பிரிவில் 9.7 விழுக்காடு, மற்றதில் 23.6. நல்ல வித்தியாசம்தான். ஆனால் யாரும் ஃபார்வர்ட் பண்ணாத சங்கதி ஒன்று இருக்கிறது. ஆய்வுக்கு வருவதற்கு முன் இவர்கள் ஏறக்குறையப் பாதி நாட்கள் அப்படிக் குடித்தவர்கள். அதாவது, வெறும் அலர்ஜி மாத்திரை போட்டவர்களும் பாதிக்கு மேல் குறைத்துவிட்டார்கள்! இரண்டு பிரிவுக்கும் 12 வாரம் சிகிச்சையாளர்கள் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். என் கணக்கில் அந்தப் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு.

இங்கே மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில் எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவர் போன மாதம் கேட்டார்: "தம்பி, அந்தக் காளான் எங்க கிடைக்கும்? எவ்வளவு ஆனாலும் பரவால்ல, அவரு சம்சுவ விட்டா போதும்." சொல்லிக்கொண்டே அரிசி டின்னுக்குள் கையை விட்டு, அந்த மலிவுச் சாராயத்தின் பாதி காலியான தட்டைப் போத்தல் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லையா என்றேன். "போனோமே! அவங்க மலாயில வேகமா ஏதோ சொன்னாங்க. இவரு ஓகே ஓகேன்னு தலையாட்டிட்டு வந்துட்டாரு லா."

இவருக்குக் காளான் கிடைத்து என்ன பண்ண? மறுநாள் யார் தமிழில் உட்கார்ந்து பேசப்போகிறார்கள்? இங்கே அது 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில் மாட்டும் சரக்கு வேறு.

ஹெரோயின்காரர்களுக்கு இபோகா என்கிறார்கள். காபோன் நாட்டுப் புவித்தி மரபினர் சடங்கில் உண்ணும் வேர்ப்பட்டை அது. 1962-ல் ஹாவர்ட் லாட்சாஃப் என்ற அமெரிக்க இளைஞர் அதைச் சாப்பிட்ட பிறகு தனக்கு ஹெரோயின் வேட்கையே இல்லை என்று சொன்னதில்தான் இந்தக் கதை கிளம்பியது. ஆனால் அதிலுள்ள இபோகெயின் இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கும். ஆட்கள் செத்திருக்கிறார்கள். ஹெரோயினுக்குப் பதிலாக டாக்டர்கள் கொடுக்கும் மெத்தடோன் மருந்தும் அதே இடத்தில்தான் கைவைக்கிறது. இங்கே கிளினிக்கில் மெத்தடோன் வாங்கிக் குடிக்கும் நம் பையன் எவனாவது ஆன்லைனில் வேர்ப்பொடி வாங்கிச் சேர்த்துப் போட்டால் என்ன ஆகும்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

தூரத்து வேரைக் கொண்டாடும் நாம் வாசலில் நிற்கும் கெத்தும் (க்ராட்டம்) மரத்தைக் கண்டுகொள்வதே இல்லை. அது காளான் மாதிரி காட்சி காட்டும் சரக்கு இல்லை. நாட்டின் வடக்குப் பக்கத்தில் அபின், ஹெரோயின் விட நினைத்தவர்கள் உடம்பு வலி தாங்க அந்த இலையைக் காய்ச்சிக் குடித்தது பழைய வழக்கம். அதற்கும் மனிதன் அடிமையாவான், மறுக்கவில்லை. நம் பினாங்கில், யுஎஸ்எம் எனப்படும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம் பல வருடங்களாக அதைத்தான் ஆராய்கிறது. அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுங்கள், காளான் ஆராய்ச்சிக்கும் கதவைத் திறங்கள். அதுவரைக்கும் அரசு கிளினிக்குகளில் தமிழ் பேசும் கவுன்சலர்களைப் போடுங்கள். பிறையிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஆள் ரெடியாக இருக்கிறார்.