செலவைக் குறைத்தது வேலைமுறைதான்

வளரும் நாடுகளில் மருத்துவமனைகளின் தரம் உயர வேண்டுமானால் புதிய கட்டடங்களும் வெளிநாட்டுக் கருவிகளுமே முதல் தேவை என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1976-இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் செலவு குறைந்ததற்குக் காரணம் வேலைமுறைதான். அறுவை அரங்கில் இரண்டு மேசைகள் அருகருகே இருக்கும். ஒருவருக்குக் கண்புரை நீக்கி முடிப்பதற்குள், கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரப்பட்ட பெண்கள் அடுத்தவரைத் தயார் செய்துவிடுவதால், மருத்துவரின் நேரம் சிறிதும் வீணாவதில்லை. கண்புரையை நீக்கியபின் கண்ணுக்குள் பொருத்தும் இறக்குமதி லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்ததால், 1992-இல் ஆரோலேப் என்ற உற்பத்திக்கூடத்தையும் அவர்களே தொடங்கினார்கள். பணம் கட்டுவோரின் வருவாயில்தான் இலவசச் சிகிச்சையும் நடக்கிறது.

வேகம் கூடினால் தரம் குறையும் என்று அஞ்சுவோருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். என் அப்பத்தாவைக் கண் முகாமிலிருந்து அந்த மருத்துவமனைக்கு அறுவைக்காக அழைத்துச் சென்றபோது, எந்தக் கண் என்று மூன்று இடங்களில் அவரிடமே கேட்டுச் சரிபார்த்து, அந்தக் கண்ணுக்கு மேலே நெற்றியில் சிறு பிளாஸ்திரி ஒட்டினார்கள். அந்தக் கவனத்துக்குப் பெரிய செலவு எதுவும் ஆகவில்லை. நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இதை நாளையே தொடங்கலாம்.