எந்த மொழியில் சோதித்தார்கள்?

மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்யுமுன் நினைவாற்றலையும் பேச்சாற்றலையும் அளப்பது பற்றிய உங்கள் கட்டுரை நன்று. எந்த மொழியில் அளப்பது என்பதை மட்டும் மறந்துவிட்டீர்கள்.

நாங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைக்காரர்கள். என் தம்பிக்கு இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை. திருவனந்தபுரம் பக்கம் என்பதால் அங்கே ஒரு மருத்துவமனைக்குப் போனோம். வீடியோ இஇஜி (படம்பிடித்தபடியே மூளையின் மின்னலைகளைப் பதிவது), எம்ஆர்ஐ எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. நினைவுச் சோதனையில்தான், கேட்டுத் திரும்பச் சொல்லவேண்டிய வார்த்தைப் பட்டியலை மலையாளத்தில் வாசித்துவிட்டார்கள். அவனுக்கு மலையாளம் சந்தையில் மீன் வாங்கும் அளவுக்கு வரும், படித்ததெல்லாம் தமிழில். மதிப்பெண் சரிந்தது, அம்மா கலங்கிப்போனார். நான் வற்புறுத்தியபின் வேறு பட்டியலைத் தமிழில் கேட்டார்கள். நன்றாகவே உயர்ந்தது. (இரண்டாம் முறை என்ற பழக்கமும் கொஞ்சம் உதவியிருக்கலாம்.)

இது சில்லறை விஷயமன்று. பெரும்பாலோருக்குப் பேச்சும் சொல் நினைவும் இடது மூளையைச் சார்ந்தவை. இடது பொட்டு மடலில் (காதை ஒட்டிய மூளைப்பகுதி) வெட்டும்போது, முன்பு நினைவாற்றல் நன்றாக இருந்தவருக்குத்தான் இழப்பு அதிகம். தவறாகத் தாழ்ந்த மதிப்பெண், ‘இழக்க அதிகமில்லை’ என்று மருத்துவரை நம்பவைத்துவிடும். வெட்டு நினைவையே பறிக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம்: 1953இல் அமெரிக்க வலிப்பு நோயாளி ஹென்றி மொலேசனுக்கு இருபுற ஹிப்போகாம்பஸின் (நினைவைப் பதியவைக்கும் மூளைப்பகுதி) பெரும்பகுதியை அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது, புதிய நினைவுகள் தங்கவேயில்லை.

எங்கள் மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக்காரர்கள் சோதனைக்கு உட்காருமுன்பே வீட்டில் எந்த மொழி, பள்ளியில் எந்த மொழி என்று சொல்லிவிடுங்கள். மருத்துவமனைக்காரர்கள் தாங்களாகக் கேட்காமல் போகலாம்.