உடைந்த கண்ணாடியும் ஆறு மணிப் பயிற்சி வகுப்பும்

பிள்ளைகள் வளாகத்துக்குள் விளையாடக் கூடாது என்று எங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஞாயிறன்று ஒட்டப்பட்ட தாளைப் பற்றி இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்றிலிருந்து எனக்கு வந்துகொண்டிருக்கும் அறிவுரைகளைப் படித்தபின் அப்படி இருக்க முடியவில்லை. "விளையாட்டை யார் தடுத்தார்கள்? மாலை ஆறு மணிப் பயிற்சி வகுப்பில் பெயர் கொடுக்கலாம் என்று அதே தாளில் போட்டிருக்கிறதே" என்று பலரும் கேட்கிறார்கள்.

பயிற்சி வேறு, விளையாட்டு வேறு. இது எனக்குத் தோன்றிய தத்துவம் அன்று. குழந்தைகளுக்கு விளையாடும் உரிமை உண்டு என்பதை 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை தன் 31ஆம் பிரிவில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தப் பிரிவுக்கு 2013இல் அளிக்கப்பட்ட விளக்கத்தில், குழந்தைகள் தாங்களே தொடங்கி, தாங்களே கட்டுப்படுத்தி, தாங்களே வடிவமைப்பதுதான் விளையாட்டு என்று சொல்லப்பட்டிருக்கிறது. ஊதல் ஊதி, வரிசையில் நிறுத்தி, முறை வைத்துப் பந்தைக் கொடுப்பது நல்ல காரியமாக இருக்கலாம். ஆனால் அதற்குப் பெயர் வேறு.

நானும் என் மகனை அந்த வகுப்புக்கு ஆறு மாதம் அனுப்பியவன்தான். ஒருநாள் திரும்பி வந்தவனிடம், "யார் ஜெயித்தார்கள்?" என்று கேட்டேன். "சார் இன்னும் சொல்லவில்லை" என்றான். அன்றோடு நிறுத்தினேன்.

இதே பையன் வளாகத்தின் பின்புறம் தன் கூட்டத்தோடு ஆடும்போது, கோடு எங்கே, எது அவுட், யார் முதலில் என்பதற்கே இருபது நிமிடம் சண்டை நடக்கும். ஆட்டம் நடப்பதென்னவோ பத்து நிமிடம்தான். நான்கு வயதுக் குட்டி ஒன்றை 'ஒப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் மூன்று முறை அவுட் கிடையாது என்று அவர்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள். அழுகுணி ஆட்டம் ஆடிய ஒருவனை இரண்டு நாள் ஒதுக்கிவைத்தார்கள், மூன்றாம் நாள் அவர்களே போய்க் கூப்பிட்டார்கள். இதற்கெல்லாம் எந்த வகுப்பில் பாடத்திட்டம் இருக்கிறது?

வெயிலில் ஆடினால் உடம்பு என்னாகும் என்று கவலைப்படுவோருக்கு: 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்கும்படி உடலுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சீனாவின் குவாங்சோ நகரில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், பள்ளியில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருந்த குழந்தைகளில் மூன்றாண்டுகளுக்குள் கிட்டப்பார்வை வந்தவர்கள் சுமார் 30 சதவீதம். மற்றவர்களில் சுமார் 40 சதவீதம். அந்த 40 நிமிடமும் வகுப்பாகத்தான் நடத்தப்பட்டது என்று யாராவது சுட்டிக்காட்டுவதற்கு முன்பே நானே சொல்லிவிடுகிறேன். கண்ணுக்கு வெளிச்சம் போதும். நான் பேசுவது கண்ணைப் பற்றி மட்டும் அன்று.

சத்தம் என்கிறீர்கள். மதிய உறக்கம் கெடுகிறது என்றால் மதியத்தில் ஆட வேண்டாம் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்கள். பாதுகாப்பு என்கிறீர்கள். வளாகத்துக்குள் வேகமாக வரும் வண்டிகளால் ஆபத்து என்றால் வண்டிகளுக்கு அல்லவா தாள் ஒட்ட வேண்டும்? வீட்டுக்கு ஒன்று என்று கோடு போட்டு எண் எழுதி வண்டிகளுக்கு இடம் ஒதுக்கிய நமக்கு, இருபது பிள்ளைகளுக்கு எண் இல்லாத ஒரு மூலையைக்கூட ஒதுக்க மனம் வரவில்லை.

இனி அந்தக் கண்ணாடி. காரின் பக்கவாட்டுக் கண்ணாடியை உடைத்தது என் மகன் அடித்த பந்துதான். நான் ஒருபோதும் மறுக்கவில்லை. ஆனால் அது எப்படித் தெரியவந்தது என்பதை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள். யாரும் பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எட்டுப் பேரும் கூடி, ஓடிவிடலாமா, சொல்லிவிடலாமா என்று பேசியிருக்கிறார்கள். பிறகு எட்டுப் பேருமாகப் போய் அந்த வீட்டின் அழைப்புமணியை அடித்திருக்கிறார்கள். பெரியவர் யாரும் அனுப்பவில்லை. எனக்கே இரவுதான் தெரியும். மறுநாள் பணத்தைக் கட்டினேன். அதற்கடுத்த நாள் தாள் ஒட்டப்பட்டது. சங்கக் கூட்டத்தில் ஒருவர் என்னைப் பார்த்து, "பிள்ளைகளை அவிழ்த்துவிட்டு வளர்த்தால் இப்படித்தான்" என்றார். சிலர் சிரித்தார்கள். அவிழ்த்துவிட்ட பிள்ளைகள்தாம் ஐயா, உங்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

அடுத்த முறை ஏதாவது உடைந்தால் சொல்ல வேண்டுமா என்று நேற்று இரவு அவன் கேட்டான். கட்டாயம் சொல்ல வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டான்.