அந்த ஜெர்மன் ஆய்வில் மூன்றாவது குழு ஒன்றும் உண்டு

பலர் பகிர்ந்திருப்பது இதுதான்: நாள்பட்ட இடுப்புவலிக்கு வழக்கமான சிகிச்சையைவிட அக்குபஞ்சர் கிட்டத்தட்ட இரு மடங்கு பலன் தருவதாக ஒரு ஜெர்மன் ஆய்வு காட்டியது, எனவே, சரியான புள்ளிகளில் ஊசி குத்துவதுதான் வலியைப் போக்குகிறது.

முதல் பாதி ஏறக்குறைய சரிதான். அது 2007-இல் வெளியான ஜெராக் (GERAC) ஆய்வு. மொத்தம் 1,162 பேர். ஆறு மாதம் கழித்து, அக்குபஞ்சர் குழுவில் 47.6 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். மருந்து, பிசியோதெரபி, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம்.

பகிர்வில் விட்டுப்போனது மூன்றாவது குழு. அவர்களுக்கு அக்குபஞ்சர் புள்ளிகளை வேண்டுமென்றே தவிர்த்து, வேறு இடங்களில் மேலோட்டமாக ஊசி குத்தினார்கள். அங்கேயும் 44.2 சதவீதம்! இரண்டு ஊசிக் குழுக்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கது அல்ல. ஆகவே, 'சரியான புள்ளி' என்ற வாதத்துக்கு இந்த ஆய்வைச் சான்றாகக் காட்ட முடியாது.

ஊசி போட்டபின் வலி குறைந்தது என்பவர்களை நான் மறுக்கவில்லை. குறைந்திருக்கும். அது வேறு விஷயம்.

சரிபார்க்க விரும்புபவர்கள் மருத்துவ ஆய்வுகளைத் தேடும் பப்மெட் (PubMed) தளத்தில் ஜெராக், அக்குபஞ்சர், 2007 என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். ஆய்வுச் சுருக்கத்தைப் படிக்கக் கட்டணம் இல்லை. முடிவுகள் என்ற பத்தியில் மூன்று எண்களும் பக்கத்து பக்கத்திலேயே இருக்கின்றன.