எட்டு வாட் மாப்பிள்ளை

(மதுரைப் பக்கம் முப்பது ஆண்டுகள் மைக் செட் வாடகைக்கு விட்டு ஓய்ந்த மாமனார், சென்னையில் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கிறார். கூடத்து மேசையில் ஏதோ தணல் போல ஒளிர்கிறது.)

மாமனார்: என்ன மாப்பிள்ளை, பட்டப்பகலில் விளக்கேற்றி வைத்திருக்கிறீர்கள்?

மாப்பிள்ளை: விளக்கு இல்லை மாமா, வால்வு ஆம்ப்ளிஃபையர். தணல் போல ஒளிரும் இந்தக் கண்ணாடிக் குழாய்தான் வால்வு. இதற்கு 300பி என்று பெயர். 1938இல் அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கொண்டுவந்தது.

மாமனார்: என்னிடம் இருந்த வால்வுகளைப் பழைய இரும்போடு எடைக்குப் போட்டேன். இது என்ன விலை?

மாப்பிள்ளை: (குரலைத் தாழ்த்தி) ஒன்று எண்பது. உங்கள் மகளிடம் பதினெட்டாயிரம் என்று சொல்லியிருக்கிறேன்.

மாமனார்: ஒரு பூஜ்யம்தானே, பரவாயில்லை. பாட்டைப் போடுங்கள்.

(நாகஸ்வரம் தொடங்குகிறது. தவில் சேர்ந்ததும் கரகரக்கிறது.)

மாமனார்: தவில் நனைந்துவிட்டதா?

மாப்பிள்ளை: கூட்டினால் கரகரக்கிறது, குறைத்தால் மின்விசிறிதான் கேட்கிறது.

மாமனார்: எத்தனை வாட்?

மாப்பிள்ளை: எட்டு. அந்தக் காலத்தில் சினிமாக் கொட்டகைக்கே அது போதுமாக இருந்தது மாமா. நம் கூடத்துக்குப் போதாதா?

மாமனார்: கொட்டகையில் திரைக்குப் பின்னால் நின்றது ஆளை விழுங்கும் கூம்பு. முணுமுணுத்தாலே கடைசி பெஞ்சுக்குக் கேட்கும். உங்களுடையது செருப்புப் பெட்டி அளவு. டெசிபல் என்ன போட்டிருக்கிறது?

மாப்பிள்ளை: 86. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 86.

மாமனார்: 96 உள்ள ஸ்பீக்கர் ஒரு வாட்டில் போடும் சத்தத்தை இது போட வேண்டுமானால் பத்து வாட் கேட்கும். உங்கள் கஜானாவில் இருப்பதே எட்டு. சரி, ஸ்பீக்கரின் மின்தடை எத்தனை ஓம்?

மாப்பிள்ளை: எட்டு. ஆம்ப்ளிஃபையரில் 8 என்று எழுதிய முனையில்தான் மாட்டியிருக்கிறேன்.

மாமனார்: அது பெயருக்கு எட்டு. ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும். சில இடங்களில் நாலுக்குக் கீழேகூட இறங்கும். அங்கே உங்கள் வால்வுக்கு மூச்சு வாங்குகிறது. ஸ்பீக்கரை இறுக்கிப் பிடிக்கவும் அதற்குக் கையில் வலுவில்லை. தவில் சாக்கு மூட்டையாகக் கேட்பது அதனால்தான். 4 முனைக்கு மாற்றிப் பாருங்கள்.

(மாப்பிள்ளை வயரைப் பிடுங்கப் போகிறார்.)

மாமனார்: ஐயோ, கையை எடுங்கள்! முதலில் அணையுங்கள்! பாட்டு ஓடும்போது ஸ்பீக்கரைக் கழற்றினால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஒரு கல்யாணத்தில் என் எடுபிடிப் பையன் இப்படித்தான் பிடுங்கினான். தாலி கட்டும் நேரத்தில் ரெக்கார்டு கெட்டிமேளம் நின்றுவிட்டது. பெண் வீட்டார் என்னையே வாயால் ஊதச் சொன்னார்கள்.

மாப்பிள்ளை: ஊதினீர்களா?

மாமனார்: பாக்கிப் பணம் வர வேண்டாமா?

(அணைத்து, மாற்றி, மீண்டும் போடுகிறார்கள்.)

மாப்பிள்ளை: இப்போது தவில் தவிலாக இருக்கிறது!

மாமனார்: இருக்கிறது. அடுத்த தெருவில் இருக்கிறது. ஸ்பீக்கரை வாங்கிவிட்டு அதற்கேற்ற ஆம்ப்ளிஃபையரைத் தேடியிருக்க வேண்டும். நீங்கள் லாடம் கிடைத்ததென்று குதிரை வாங்கப் புறப்பட்டவர்.

மாப்பிள்ளை: இப்போது என்ன செய்வது?

மாமனார்: இதே ஸ்பீக்கர்தான் என்றால், வால்வுகள் ஜோடியாக உழைக்கும் ஐம்பது வாட் புஷ்-புல் ஆம்ப்ளிஃபையர் வாங்குங்கள்.

மாப்பிள்ளை: இன்னொரு ஆம்ப்ளிஃபையரா? உங்கள் மகள் என்னைக் கழற்றிவிடுவாள்.

மாமனார்: அப்படியானால் 96க்கு மேல் உள்ள ஸ்பீக்கர். அடித்தொண்டைச் சத்தமும் வேண்டுமென்றால் பெட்டி பெரிதாகத்தான் வரும்.

மாப்பிள்ளை: எவ்வளவு பெரிது?

மாமனார்: பீரோ அளவு. இரண்டு.

மாப்பிள்ளை: அவளிடம் என்ன சொல்வது மாமா?

மாமனார்: பீரோ என்றே சொல்லுங்கள்.

மாப்பிள்ளை: கதவு எங்கே என்று கேட்பாளே?

மாமனார்: சாவி அப்பாவிடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். நான் இன்று ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன்.